வெளியேறும் கட்டணமா, ஒப்பந்தத் தேதியா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அணிகள் இடம் மாறும் கணக்கு

2024 கோடையில் பேக்-12 கூட்டமைப்பை விட்டுப் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. வெளியேறும் கட்டணம் என்ற பெயரில் அவை ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பிலிருந்து ஐந்து பல்கலைக்கழகங்கள் 2026-இல் விலகப்போவதாக அறிவித்தன. அவை ஒவ்வொன்றிடமும் சுமார் 1.8 கோடி டாலர் கேட்கப்பட்டது. அது போதாதென்று, அவற்றைச் சேர்த்துக்கொள்ளும் கூட்டமைப்பிடம் தனியாக 5.5 கோடி டாலர் கேட்கப்பட்டது.

ஒரே நாடு, ஒரே விளையாட்டு. ஆனால் ஒரு தரப்பு காசில்லாமல் போகிறது, இன்னொரு தரப்பு நீதிமன்றப் படியேறுகிறது. செய்திகளில் கட்டணத் தொகைதான் தலைப்பாகிறது. ஆனால் அந்தத் தொகையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. ஒளிபரப்பு ஒப்பந்தம் எந்த நாளில் முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

## கூட்டமைப்பு என்றால் என்ன?

அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் தனித்தனியாக ஆடுவதில்லை. எட்டு முதல் பதினெட்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. அங்கே அதை கான்ஃபரன்ஸ் என்பார்கள். ஆட்ட அட்டவணை, நடுவர்கள், சாம்பியன்ஷிப், எல்லாவற்றுக்கும் மேலாகத் தொலைக்காட்சி ஒப்பந்தம், இவையெல்லாம் கூட்டமைப்பின் கையில். வரும் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்கிறார்கள்.

பணம் இங்கே வந்து குவிவதற்குக் காரணம் 1984-இல் வந்த ஒரு தீர்ப்பு. அதுவரை எந்தக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் தொலைக்காட்சியில் வரலாம், எத்தனை முறை வரலாம் என்பதை என்சிஏஏ என்ற தேசிய அமைப்பே முடிவு செய்தது. (இங்கே ஃபுட்பால் என்பது கையால் பந்து வீசி ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்.) ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடர்ந்தன. என்சிஏஏவின் கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து உரிமையை விற்கும் வேலை கூட்டமைப்புகளிடம் போனது. எந்தக் கூட்டமைப்பில் புகழ்பெற்ற அணிகள் அதிகமோ, அதற்கு விலை அதிகம்.

2022 ஆகஸ்டில் பிக் டென் கூட்டமைப்பு ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களோடு ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் அதிகமான ஒப்பந்தம் போட்டது. பேக்-12-இன் கையில் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இருந்ததோ, ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் திட்டம் ஒன்றுதான். யார் எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

## உறுப்பினரைக் கட்டிவைக்கும் மூன்று கயிறுகள்

வெளியேறும் கட்டணம் மட்டும்தான் தடை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்று தடைகள் உண்டு. அவற்றில் பணக்கட்டணம்தான் மிகவும் பலவீனமானது.

1. முன்னறிவிப்புக் காலம். "விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்த பிறகு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பைலாவில், அதாவது கூட்டமைப்பின் விதித்தொகுப்பில், இருக்கும். அமெரிக்கன் அத்லெடிக் கூட்டமைப்பில் (2025 முதல் அதன் பெயர் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்) 27 மாதம். மவுண்டன் வெஸ்டில் ஓராண்டுக்குக் குறைவாக அவகாசம் கொடுத்தால் கட்டணம் இரட்டிப்பாகும்.

2. வெளியேறும் கட்டணம். இதைக் கணக்கிடும் முறை இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்கன் அத்லெடிக்கில் நிலையான 1 கோடி டாலர். மவுண்டன் வெஸ்டில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பங்கைப்போல் மூன்று மடங்கு. ஏசிசியில் (அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பு) 2012 முதல் 2025 வரை கூட்டமைப்பின் ஆண்டுச் செயல்பாட்டு பட்ஜெட்டைப்போல் மூன்று மடங்கு. கூட்டமைப்பின் பட்ஜெட் வளர வளரக் கட்டணமும் தானாக வளர்ந்ததால், இந்த மூன்றாவது முறை மற்றவற்றைவிடக் கடுமையாக இருந்தது.

3. ஒளிபரப்பு உரிமை ஒப்படைப்பு. இதுதான் உண்மையான பூட்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை, குறிப்பிட்ட ஆண்டு வரை கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிறகு அந்தப் பல்கலைக்கழகம் வேறு கூட்டமைப்புக்குப் போனாலும், சொந்த மைதான ஆட்டங்களின் பணம் பழைய கூட்டமைப்புக்கே போகும். வெளியூர் ஆட்டங்களின் உரிமை எப்படியும் எதிரணியின் கூட்டமைப்புக்குச் சொந்தம். ஆக, உரிமையை இழந்து வரும் அணி புதிய கூட்டமைப்புக்குக் கொண்டுவருவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைக்கலாம், கடன் வாங்கிக் கட்டலாம். விற்பதற்குச் சரக்கே இல்லாத அணியை யார் கூப்பிடுவார்கள்?

இந்த மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் தேதியைச் சார்ந்தவை. தேதி நெருங்க நெருங்க இரண்டும் சேர்ந்தே தளரும்.

## பைலாவில் எழுதிய தொகையும் கடைசியில் கட்டிய தொகையும்

பழைய வழக்குகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது.

1. வெஸ்ட் வெர்ஜீனியா, பிக் ஈஸ்டிலிருந்து (2012). பைலாவில் இருந்தது 50 லட்சம் டாலர் கட்டணமும் 27 மாத முன்னறிவிப்பும். அந்தப் பல்கலைக்கழகத்துக்கோ உடனே கிளம்ப வேண்டும். 2 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.
2. மேரிலாந்து, ஏசிசியிலிருந்து (2014). கேட்டது சுமார் 5.22 கோடி. முடிந்தது சுமார் 3.14 கோடி.
3. ஹூஸ்டன், சின்சினாட்டி, யூசிஎஃப், அமெரிக்கன் அத்லெடிக்கிலிருந்து (2023). பைலாவில் 1 கோடி. முன்னறிவிப்புக் காலத்தைக் குறைத்துக்கொண்டதால் ஒவ்வொன்றும் ஒப்புக்கொண்டது 1.8 கோடி.
4. டெக்சாஸ், ஓக்லஹோமா, பிக் 12-இலிருந்து (2024). இரண்டும் 2021 ஜூலையிலேயே எஸ்இசி (சவுத்ஈஸ்டர்ன்) கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்துவிட்டன. உரிமை ஒப்படைப்பு 2025 ஜூன் 30 வரை இருந்தது. ஓராண்டு முன்னதாகப் போக 2023 பிப்ரவரியில் இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன.

அதிகமாக எழுதிவைத்த தொகை பேரத்தில் இறங்குகிறது. குறைவாக எழுதிவைத்த தொகை, அவசரம் காரணமாக ஏறுகிறது. பைலாவில் இருப்பது பேரம் தொடங்கும் புள்ளி மட்டுமே. டெக்சாஸ், ஓக்லஹோமா கணக்கைக் கவனியுங்கள்: ஆளுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் கொடுத்து அவை வாங்கியது ஒரே ஒரு ஆண்டு.

இன்னொரு நடைமுறை விவரமும் உண்டு. இந்தப் பணத்தை யாரும் காசோலையாக எழுதி நீட்டுவது அரிது. வெளியேறுபவருக்குத் தர வேண்டிய பங்கைக் கூட்டமைப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். மேரிலாந்து விஷயத்தில் நடந்தது இதுதான். விலகல் அறிவிப்பு வந்ததுமே ஏசிசி பங்குத் தொகையை நிறுத்தியது. கடைசியில் பிடித்துவைத்த 3.14 கோடியோடு கணக்கு முடிக்கப்பட்டது. பணம் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குப் பேரத்தில் பலம் அதிகம். ஆண்டுப் பங்கு எப்போது கைக்கு வருகிறது என்று பார்த்துத்தான் வழக்கறிஞர்கள் விலகல் கடிதத்தின் தேதியையே முடிவு செய்கிறார்கள்.

## ஒரு கடிதம் செய்த குழப்பம்

மவுண்டன் வெஸ்ட் உறுப்பினரான சான் டியாகோ ஸ்டேட் 2023 ஜூனில் பட்ட பாடு, முன்னறிவிப்புத் தேதியின் வலிமைக்கு நல்ல சான்று. பேக்-12-இல் இடம் கிடைக்கும் என்று அது காத்திருந்தது. ஆனால் பேக்-12 தன் தொலைக்காட்சி ஒப்பந்தத்தை முடிக்காமல் யாரையும் அழைக்கும் நிலையில் இல்லை. ஜூன் 30-க்குள் விலகல் அறிவித்தால் கட்டணம் சுமார் 1.65 கோடி டாலர். ஒருநாள் தாண்டினாலும் சுமார் 3.4 கோடி.

அழைப்பு வராமல் விலகவும் முடியாது, தேதியைத் தவறவிடவும் முடியாது. ஆகவே பல்கலைக்கழகத் தலைவர் மவுண்டன் வெஸ்டுக்கு ஒரு கடிதம் எழுதி, தாங்கள் விலக எண்ணியிருப்பதாகவும் ஒரு மாத அவகாசம் வேண்டும் என்றும் கேட்டார். கூட்டமைப்பு அந்தக் கடிதத்தையே விலகல் அறிவிப்பாக எடுத்துக்கொண்டு, தர வேண்டியிருந்த சுமார் 66 லட்சம் டாலரை நிறுத்திவைத்தது. "நாங்கள் விலகவில்லை" என்று பல்கலைக்கழகம் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. ஜூலையில் சமரசமாகி அது அங்கேயே தொடர்ந்தது.

விலக "எண்ணியிருக்கிறோம்" என்று எழுதுவதும் "விலகுகிறோம்" என்று எழுதுவதும் பைலாவின் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். இந்த வகைக் கடிதங்களில் ஒரு சொல்லின் விலை கோடிக்கணக்கில் போகும்.

## நீதிமன்றம் கேட்கும் கேள்வி

அமெரிக்க ஒப்பந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள்: முன்கூட்டியே ஒப்புக்கொண்ட இழப்பீடு ஒன்று, வெறும் தண்டத்தொகை மற்றொன்று. முதலாவது செல்லும், இரண்டாவது செல்லாது. நீதிபதி பார்ப்பவை:

1. ஒப்பந்தம் போட்டபோது, வரக்கூடிய இழப்பைத் துல்லியமாகக் கணக்கிடுவது கடினமாக இருந்ததா?
2. எழுதிய தொகை அந்த இழப்பின் நியாயமான மதிப்பீடா, அல்லது ஆளைப் பயமுறுத்தி உட்காரவைக்கும் தொகையா?

கூட்டமைப்புகள் தரப்பில் சொல்லப்படும் இழப்பு வெறும் கற்பனை அல்ல. பெரிய அணி போனால் அடுத்த தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு இறங்கும். அட்டவணையைக் கலைத்துப் போட வேண்டும். மாற்று உறுப்பினரைத் தேட வேண்டும். மறுபக்கம், வெளியேறுபவர் விட்டுச்செல்லும் சொத்தும் உண்டு: என்சிஏஏ கூடைப்பந்துத் தொடரில் அணி ஆடிய ஆட்டங்களுக்கான பணம் ஆறு ஆண்டுகளுக்குத் தவணையாக வரும். அது அணிக்கு வராது, கூட்டமைப்புக்கே வரும். அணி போன பிறகும் அந்தத் தவணை அங்கேயே நிற்கும். இதை இழப்புக் கணக்கில் கழிக்க வேண்டும் என்பது நியாயமான வாதம். செய்திகளில் இது அநேகமாக வருவதே இல்லை.

மேரிலாந்து முன்வைத்த வாதம் வலுவானது. 2012 செப்டம்பரில் ஏசிசி கட்டணத்தை 2 கோடியிலிருந்து பட்ஜெட்டின் மூன்று மடங்காக உயர்த்தியது. மேரிலாந்தும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் எதிர்த்து வாக்களித்தன. இரண்டு மாதத்தில் மேரிலாந்து விலகல் அறிவித்தது. ஒரே வாக்கெடுப்பில் "இழப்பு" இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது எப்படி? இதற்கு நீதிமன்றத் தீர்ப்பாகப் பதில் வரவே இல்லை, சமரசம் முந்திக்கொண்டது. இத்துறையில் தெளிவான முன்னுதாரணத் தீர்ப்புகள் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். தோற்றுவிடுவோமோ என்ற பயம் இரு பக்கமும் உண்டு. தோற்ற கூட்டமைப்பின் கதவு எல்லோருக்கும் திறந்துவிடும். தோற்ற பல்கலைக்கழகம் முழுத்தொகையையும் கட்ட நேரும்.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் சண்டைதான். 2023 டிசம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட் தன் மாநிலத்தில் வழக்குப் போடத் தயாரானபோது, ஏசிசி ஒருநாள் முந்திக்கொண்டு வடக்கு கரோலினாவில் வழக்குப் போட்டது. அடுத்த மார்ச்சில் கிளெம்சன் தெற்கு கரோலினாவில் தொடுத்தது. ஒரே ஒப்பந்தம், மூன்று மாநில நீதிமன்றங்கள்.

## ஏசிசி சமரசம்: தேதிக்கு விலை குறித்த முறை

ஏசிசியின் உரிமை ஒப்படைப்பு 2036 வரை நீள்கிறது. அதற்குமுன் வெளியேறினால் மொத்தச் செலவு 57.2 கோடி டாலர் என்று ஃப்ளோரிடா ஸ்டேட் தன் வழக்கில் கணக்குக் காட்டியது. அதில் கட்டணம் மட்டும் சுமார் 13 கோடி. மீதியில் மிகப் பெரும்பகுதி ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு. மூன்றாவது கயிறு எவ்வளவு தடிமனானது என்பது இந்தப் பிரிவினையிலேயே தெரியும்.

2025 மார்ச்சில் சமரசம் வந்தது. அதன் அமைப்பு:

1. 2025-26-இல் வெளியேறினால் 16.5 கோடி டாலர்.
2. ஒவ்வோர் ஆண்டும் 1.8 கோடி குறையும்.
3. 2030-31-இல் 7.5 கோடிக்கு வந்து அங்கே நிற்கும்.
4. இதைக் கட்டிவிட்டால் ஒளிபரப்பு உரிமையையும் கூடவே எடுத்துக்கொண்டு போகலாம்.
5. உள்ளே இருப்பவர்களுக்குள், தொலைக்காட்சிப் பணத்தின் பெரும்பகுதி இனிப் பார்வையாளர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பிரிக்கப்படும்.

நான்காவது அம்சம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பூட்டுக்கே விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது. இதுவரை போடப்பட்ட கட்டண முறைகளில் இதுதான் நேர்மையானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஒப்பந்தத்தில் மீதமுள்ள ஆண்டுகள் குறையக் குறைய ஒருவர் போவதால் வரும் இழப்பும் குறையும். கட்டணமும் அதோடு சேர்ந்து இறங்குவதுதான் சரி. பட்ஜெட்டின் மூன்று மடங்கு என்ற பழைய முறை இதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது.

இறங்கும் கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்கை எளிதாக்குவதும் உண்மை. உதாரணத்துக்கு, புதிய கூட்டமைப்பு ஆண்டுக்கு 3 கோடி டாலர் அதிகம் தருவதாக வைத்துக்கொள்வோம். 16.5 கோடி கட்டினால் போட்ட பணம் திரும்பி வர ஐந்தரை ஆண்டு. 7.5 கோடி என்றால் இரண்டரை ஆண்டு. பெரிய அணிகள் 2030-ஐக் குறிவைத்துக் காத்திருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

## அணிகளைக் கவர்பவருக்கு அபராதம்

பேக்-12-இல் கடைசியாக மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான். 2024 பருவத்துக்கு ஆட எதிரணி வேண்டும். மவுண்டன் வெஸ்ட் தலா ஆறு ஆட்டம் தர ஒப்புக்கொண்டது, 1.4 கோடி டாலருக்கு. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: எங்கள் உறுப்பினரை இழுத்தால் முதல் அணிக்கு 1 கோடி, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் கூடுதலாக. ஐந்து அணிகள் போக, 1 + 1.05 + 1.1 + 1.15 + 1.2 என்று கூட்டினால் 5.5 கோடி.

2024 செப்டம்பரில் பேக்-12 இதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றம் போனது. வெளியேறும் அணிகளே கட்டணம் கட்டும்போது, அதே இழப்புக்கு இரண்டாம் முறை வசூலிப்பது போட்டியை முடக்கும் செயல் என்பது அதன் வாதம். தெரிந்தே கையெழுத்திட்ட ஒப்பந்தம் என்பது மவுண்டன் வெஸ்டின் பதில். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஒரே இழப்புக்கு இரண்டு பேரிடம் வசூலிக்கும்போது, "இது இழப்பின் மதிப்பீடு" என்ற கூற்று பலவீனப்படுகிறது.

## கட்டணமே இல்லாவிட்டால் என்ன ஆகும்?

கட்டணத்தை எதிர்ப்பவர்கள் பேக்-12-இன் கடைசி நாட்களைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் யூஎஸ்சி, யூசிஎல்ஏ பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலை இறுதியில் கொலராடோ பிக் 12-க்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஐந்தும் போயின. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் (பெர்க்லியில் உள்ள பல்கலைக்கழகம்) ஏசிசியில் சேர முடிவு செய்தன. ஊடக ஒப்பந்தமும் உரிமை ஒப்படைப்பும் 2024 கோடையோடு முடிந்ததால் யாரையும் எதுவும் தடுக்கவில்லை.

மிஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களையும் காப்பாற்றியது பைலாவின் ஒரு வரி. 2024 ஆகஸ்ட் 1-க்கு முன் விலகல் அறிவிப்புக் கொடுக்கும் உறுப்பினர், நிர்வாகக் குழுவில் இடத்தை இழப்பார். யூஎஸ்சி, யூசிஎல்ஏ அறிவித்தபோது கூட்டமைப்பே அந்த விதியைக் காட்டித்தான் அவற்றைக் குழுவிலிருந்து ஒதுக்கியிருந்தது. 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் மாவட்ட நீதிமன்றம் இரு பல்கலைக்கழகங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. கூட்டமைப்பின் பெயர், சேர்த்துவைத்த பணம், இனி வர வேண்டிய கூடைப்பந்துத் தவணைகள் எல்லாம் இருவர் கட்டுப்பாட்டில் வந்தன. பிறகு நடந்த சமரசத்தில் வெளியேறிய பத்தும் தலா சுமார் 65 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்தன.

வாக்குரிமை இழப்பு என்ற அந்த ஒற்றை விதி, பல கூட்டமைப்புகள் எழுதிவைத்திருக்கும் பெரிய கட்டணங்களைவிட அதிகம் சாதித்தது. கைவிடப்பட்டவர்களிடமே சொத்து மிஞ்ச வேண்டும் என்பதுதான் கட்டணத்துக்கு இருக்கும் உண்மையான நியாயம். கட்டணம் இல்லாமலும் அதைச் செய்ய முடியும் என்று இது காட்டியது.

## பணம் யார் பையிலிருந்து?

விளையாட்டுத் துறையின் வருமானத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலிலிருந்தும் ஆண்கள் கூடைப்பந்திலிருந்தும் வருகிறது. நீச்சல், டென்னிஸ், தடகளம், பெண்கள் கால்பந்து எல்லாம் அந்த வருமானத்தில் நடப்பவை. ஆக, கட்டணச் சுமை எங்கே இறங்கும் என்பது முதலிலேயே தெரிந்த விஷயம்.

சேருவதற்கும் விலை உண்டு. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் ஏசிசியில் தொடக்கத்தில் 30 சதவீதப் பங்கே பெறுகின்றன. எஸ்எம்யூ பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பணமே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தது. யூசிஎல்ஏ போனதால் பாதிக்கப்பட்ட கலிஃபோர்னியாவுக்கு, ஆண்டுக்கு 1 கோடி டாலர் தரும்படி யூசிஎல்ஏவுக்கு அவற்றின் பொது நிர்வாகக் குழு உத்தரவிட்டது. இவை எதுவும் வெளியேறும் கட்டணம் என்ற தலைப்பில் வராதவை, ஆனால் அதே இடமாற்றத்தின் செலவுகள்.

2025-26 முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; அந்த முதல் ஆண்டின் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். கட்டணத்துக்குப் போகும் ஒவ்வொரு கோடியும் இந்தப் பணத்தோடு மோதுகிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூஜெர்சியின் ரட்கர்ஸ் வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் பறந்து ஆடிவிட்டு மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டிய வாலிபால் மாணவிக்கு, இந்த வாக்கெடுப்புகள் எதிலும் வாக்கு இல்லை. இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

## இனி பார்க்க வேண்டிய தேதிகள்

அடுத்த விலகல் செய்தி வரும்போது தொகைக்கு முன்னால் இவற்றைத் தேடுங்கள்: உரிமை ஒப்படைப்பு எந்த ஆண்டு முடிகிறது, முன்னறிவிப்புக்கான கடைசி நாள் எது, அறிவித்த பிறகு வாக்குரிமை இருக்குமா, ஆண்டுப் பங்கு எந்த மாதம் கைக்கு வரும்.

இப்போதைக்கு நாட்காட்டி இப்படி இருக்கிறது. பிக் டென்னின் ஊடக ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடு முடிகிறது. பிக் 12-இன் ஒப்பந்தம் 2030-31-இல். ஏசிசியின் கட்டணம் அதே 2030-31-இல் தன் அடிமட்டமான 7.5 கோடியைத் தொடுகிறது. எஸ்இசியின் ஈஎஸ்பிஎன் ஒப்பந்தம் 2033-34 வரை ஓடுகிறது. முதல் மூன்றும் ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள் வருகின்றன. வேறொரு கூட்டமைப்பிலிருந்து அழைப்பு வர வாய்ப்பில்லாத பல்கலைக்கழகங்கள், தங்கள் பைலாவில் அந்த வாக்குரிமை விதி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய அணிகள் விலகல் கடிதம் கொடுக்கத் தொடங்கிய பிறகு அதைச் சேர்க்கத் தேவையான வாக்குகள் கிடைக்காது.